மூன்றாவது வளவு

குமுளியிலிருந்து சித்தூருக்குப் போவதென்றால் கேரளத்தில் கிளம்பி, மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பகல் முழுக்க அதன் வழியாகவே போய், சாயங்காலம் மறுபடியும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இரண்டு ஊரும் ஒரே மாநிலம் என்று பள்ளியில் படித்தேன். பஸ்ஸில் அது வெளிநாட்டுப் பயணம். என் பையில் இருந்தவையும் அப்படித்தான் இருந்தன: பிரசவ லேகியம், உரித்த பூண்டு, சுண்டைவற்றல், சுக்கு, பழைய வேட்டி கிழித்த துணிகள், எங்கள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காய். பொட்டலம் அவிழ்ந்துவிட்டது. பழனியில் இறங்கிய ஒரு பெரியவர், "பாயசம் யாருக்கும்மா?" என்று கேட்டு, நான் லேகியத்தைக் காட்டியதும் வருத்தத்தோடு நகர்ந்தார்.

முறைப்படி நான் போகக் கூடாது. மகள்தான் வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் மீனாவுக்குப் போன முறை நாலாம் மாதத்திலேயே கரு தங்காமல் போய்விட்டது. இந்த முறை டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அந்த மலைப்பாதை வேண்டவே வேண்டாம். ஆகவே தாய்வீடு கிளம்பி மகள் வீட்டுக்குப் போயிற்று. கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட என் கணவர், "அங்கன வளவே கெடையாது, எல்லாம் சமதரை. பயப்படாம போ" என்று வழியனுப்பினார்.

குமுளியில் நாங்கள் எந்த மொழியில் பேசினாலும் சாலைத் திருப்பத்துக்கு வளவு என்றுதான் சொல்வோம். மலையாளத்தில் அப்படி, அது எங்கள் தமிழிலும் ஒட்டிக்கொண்டது. கம்பத்துக்கு இறங்கும்போது ஒரு வளவில் எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது. கீழிருந்து ஒரு லாரி முக்கி முக்கி ஏறி வந்து கடந்தது. ஏறி வருகிறவருக்கு வழி, இறங்குகிறவர் நிற்க வேண்டும். மலையில் இருக்கும் சட்டம் இது ஒன்றுதான். அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் துரைசாமி என்ற ஆட்டோக்காரர் கிடைத்தார். மீனா செல்போனில் அனுப்பியிருந்த இடக்குறியைக் காட்டினேன். "போலாமுங்க அம்மணி" என்றார். ஊருக்குள் ஒரு சந்தில் மாடு படுத்திருந்தது. பக்கத்துச் சந்தில் திரும்பினார். அங்கே அரிசி லாரி. கோயில் பின்புறமாகப் போனார். அங்கே கல்யாணப் பந்தல். யாருடைய வீட்டு வாசலிலோ புகுந்து கடைத்தெருவில் வெளியே வந்தார். எத்தனை முறை மறித்தாலும் நாங்கள் நிற்கவே இல்லை. சித்தூரின் பழைய தெருக்களில் ஒன்று கைவிட்டால் இன்னொன்று கூட்டிக்கொள்கிறது.

ஊர் தாண்டி நல்லேப்பிள்ளிப் பக்கம் போனதும் காட்சி மாறியது. வயல். பெரிய இரும்புக் கேட்டோடு ஒரு குடியிருப்பு. மறுபடி வயல். மறுபடி ஒரு கேட். மூன்றாவது கேட்டின் மேல் 'கரிம்பனை வில்லா' என்று எழுதியிருந்தது. பெயருக்குக்கூட ஒரு பனைமரம் இல்லை. துரைசாமி அதற்குள் நுழைந்தார். சாலை அழகாகப் போய் ஒரு சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், மொட்டைமாடியில் மீனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா! அங்க இல்ல! சுத்தி வரணும்!"

"ஊடு தெரியுதுங்க" என்றார் துரைசாமி, இன்ஜினை அணைத்துவிட்டு. "தடந்தான் இல்லீங்க."

திரும்பி மெயின்ரோட்டுக்கு வந்து, வெகுதூரம் போய்ப் பாலத்தில் கால்வாயைக் கடந்து, கால்வாய்க்கரைச் சாலையில் அதே தூரத்தைத் திரும்பி வந்தோம். மீனாவின் குடியிருப்புக்குப் பெயர் 'கதிர் கார்டன்'. அதன் கேட் கால்வாய்ப் பக்கம் பார்த்திருந்தது. வழியெல்லாம் துரைசாமி கதை சொன்னார்.

"இது பூராவும் ஒரே இட்டேரிங்க அம்மணி. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவுல மாட்டுவண்டித் தடம். எங்க மாமன் தோட்டத்துல ஆரம்பிச்சு மெயின்ரோட்டுல போய்ச் சேரும். அப்புறம் ஆளாளுக்கு வித்தாங்க. வாங்கினவன் ஆளாளுக்கு ஒரு ரோடு போட்டான். ஒருத்தன் ரோடு இன்னொருத்தன் ரோட்டோட பேச்சுவார்த்தை வெச்சுக்காதுங்க."

கோயம்புத்தூரில் வேலை, அங்கே மனை வாங்க முடியாது என்பவர்கள் இங்கே வருகிறார்கள். என் மருமகன் பிரபுவும் அப்படித்தான். தினம் எல்லை தாண்டிப் போய் வருகிறார். நகரம் வயல் தாண்டி, மாநிலம் தாண்டி வந்துவிட்டது. வீட்டையும் காரையும் கேட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. குறுக்குத்தெருக்களை மட்டும் பழைய இடத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறது.

மறுநாள் காலை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். மீனா பிரசவத்துக்குப் பதிந்திருக்கும் அதே ஆஸ்பத்திரி. கரிம்பனை வில்லாவின் கேட்டுக்கு எதிரே, மெயின்ரோட்டில். மாடியில் ஒரு நர்ஸ் தலைசீவிக்கொண்டிருந்தது தெரிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் போக வேண்டுமென்றால் கால்வாய், பாலம், மெயின்ரோடு.

குமுளியிலும் ஆஸ்பத்திரி தூரம்தான். ஆனால் அங்கே தூரம் தூரமாகவே இருக்கிறது. கண்ணெதிரே வந்து நின்று வேடிக்கை காட்டாது.

சுவருக்கு அந்தப் பக்கத்து முதல் வீட்டில் ஜமீலா இருந்தாள். கணவருக்குப் பாலக்காட்டில் இரும்புச் சாமான் கடை. மீனாவுக்கும் அவளுக்கும் சுவர் வழியாகவே சிநேகிதம். ஒருத்தி நாற்காலி மேல் ஏறி, பத்திரி என்கிற அரிசி ரொட்டியை நீட்டுவாள், இன்னொருத்தி நாற்காலி மேல் ஏறி வாங்கிக்கொள்வாள்.

"வீட்டுக்கு வராம என்னக்கா, தேத்தண்ணி குடிக்க வாங்க" என்று ஜமீலா சுவருக்கு மேலே தலையை மட்டும் காட்டி அழைத்தாள். மரியாதைக்குப் போக வேண்டியதாயிற்று. துரைசாமியைக் கூப்பிட்டுச் சுற்றிப் போனேன். கரிம்பனை வில்லா காவலாளி எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். "அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து" என்றேன். இரண்டாம் தடவையும் கேட்டார்.

ஜமீலா வீட்டில் வாழைப்பழ வறுவலும் தேநீரும் வைத்தாள். முதல் வாய் குடிப்பதற்குள் என் மகள் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"அம்மா! புளி எங்க வச்ச?"

"மேல் தட்டுல, நீல டப்பா!" என்றேன் நான், விருந்தாளியாக உட்கார்ந்தபடியே.

மூன்றாம் நாள் ஒத்திகை பார்த்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன முறை நடந்ததற்குப் பிறகு நான் எதையும் நம்பி உட்காருகிற நிலையில் இல்லை. துரைசாமியை வரச்சொல்லி, மீனாவுக்குப் பதிலாக நானே ஆட்டோவில் ஏறினேன். பள்ளங்களில் எவ்வளவு குலுங்குகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? வலி வந்தவளால் எப்படி உட்கார முடியும் என்று பார்க்க இடுப்பைப் பிடித்து முனகியும் பார்த்தேன்.

"அப்படி முக்காதீங்க அம்மணி, வண்டியக் கால்வாய்ல உட்ருவனுங்க" என்றார் துரைசாமி.

கதிர் கார்டன் கேட்டில் இருந்த அசாம்காரக் காவலாளி என் முனகலைக் கேட்டுத் தண்ணீர்க் குப்பியோடு ஓடிவந்தார். என் நரைத்த தலையைப் பார்த்துக் குழம்பி நின்றார். துரைசாமி இந்தியில் "பிராக்டீஸ்" என்றார். காவலாளி அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் சல்யூட் வைக்க ஆரம்பித்தார்.

ஒத்திகையில் தெரிந்தது என்னவென்றால் சுற்றுவழி எனக்கே தாங்கவில்லை. அன்று சாயங்காலம் மீனாவின் தெருவிலேயே இருந்த கதிர் கார்டன் அசோசியேஷன் செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. அவர் பேசியது மலையாளம்; தமிழில் தருகிறேன்.

"சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தால் போதுமே சார்" என்றேன்.

"கதவு வைத்தால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் அது வழி. வழி என்றால் நாளைக்குப் பஸ் கேட்பார்கள்."

"யார் சார் வருவார்கள்?"

"அந்தப் பக்கத்துக்காரர்கள்."

"அவர்களும் இதே மாதிரி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள்தானே?"

"அதுதான் பயம்" என்றார் அவர். "நம்மைப் போலவே நிறையப் பேர்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். தெருவின் முட்டும் முனையில் இருக்கும் வீட்டுக்குத்தான் இங்கே மதிப்பு அதிகமாம். போக்குவரத்து இருக்காது, குழந்தைகள் விளையாடலாம். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீட்டுக்குத் தெருக்குத்து என்று பெயர். வாங்க ஆள் வராது. வந்தாலும் வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்துக்கொண்டுதான் குடிவருவார்கள். மீனா வீட்டை ஒட்டிய அந்தச் சுவரிலும் யாரோ பிள்ளையார் படம் போட்ட டைல் ஒன்றைப் பதித்திருந்தார்கள். பாவம், அவருக்கும் போக வழியில்லை.

அடுத்த இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் மட்டும் மொட்டைமாடிக்கு ஏறி ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்த்து இறங்கினேன்.

அதற்கடுத்த நாள், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மீனா சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, தண்ணி போகுது" என்றாள். நான் குழாயை மூடினேன். அவள் மறுபடி, "அம்மா, எனக்கு" என்றாள்.

துரைசாமிக்குப் போன் செய்தேன். மேளச்சத்தம் கேட்டது. அவர் அக்கா பேத்திக்குப் பொள்ளாச்சியில் காதுகுத்து. எல்லா ஒத்திகையும் பார்த்த ஆள் மாமன் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சித்தெ இருங்க அம்மணி, என்ற மச்சான் பழனிச்சாமி நல்லேப்பிள்ளியில இருக்கான், இப்பவே வரச்சொல்றனுங்க!"

பழனிச்சாமி உடனே என்னை அழைத்தார். எங்கே வர வேண்டும் என்று கேட்டார். கதிர் கார்டன் என்ற பெயர் என் வாயில் வரவில்லை. அந்தப் பதற்றத்தில் நான் பிறந்து வளர்ந்த பாஷைதான் வந்தது. கேட்டுக்குள் நுழைந்து மூன்றாவது திருப்பத்தில் எங்கள் தெரு. அதைச் சொன்னேன்.

"மூணாவது வளவுல திரும்பி, கடைசி வீடு! சீக்கிரம் வாங்க!"

"மூணாவது வளவுங்களா? அஞ்சே நிமிசமுங்க!"

மீனா ஒரு வலிக்கும் இன்னொரு வலிக்கும் நடுவில் செருப்பைத் தேடினாள். பிரபு கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிவிட்டதாகச் சொன்னார். ஆட்டோ சத்தம் கேட்டது. ஓடிப் போய் வாசலைத் திறந்தேன். தெரு காலியாக இருந்தது. ஹாரன் மட்டும் விடாமல் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நாற்காலியில் ஏறிப் பார்த்தேன். கரிம்பனை வில்லாவின் முட்டுமுனையில் ஓர் ஆட்டோ. அதன் பக்கத்தில் ஓர் இளைஞர் சுவரைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மூணாவது வளவுன்னீங்களே?" என்றார் என்னைப் பார்த்ததும். "முதல் வளவு, ரெண்டாவது வளவு, இது மூணாவதுங்க. கடைசி ஊடு, சரியாத்தானே வந்திருக்கறன்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கொங்குப் பக்கத்துத் தமிழில் வளவு என்றால் வீடுகள் கூடியிருக்கும் இடம். மெயின்ரோட்டில் மூன்றாவது குடியிருப்புக்கு அவர் மிகச் சரியாக வந்திருந்தார்.

"வளவுன்னா திருப்பம்ப்பா! நீங்க கேரளாக்காரர்தானே, தெரியாதா?"

"மலையாளத்துல சொல்லியிருந்தா திருப்பம்னு எடுத்திருப்பனுங்க. நீங்க தமிழ்ல சொன்னீங்க, தமிழ் வளவுக்கு வந்தேன்!" என்றார் அவர். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "சுத்தி வரட்டுங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மீனா வாசல் நிலையைப் பிடித்துக் குனிந்து நின்றாள். அவர் சுற்றி வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு மறுபடி சுற்றி அவர் இப்போது நிற்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே வர வேண்டும்.

"வேண்டாம்" என்றாள் மீனா, நிமிர்ந்து. "ஜமீலாக்கா!"

கூப்பிடுவதற்கு முன்பே ஜமீலா வந்திருந்தாள். அவள் கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த அலுமினிய ஏணி அந்தப் பக்கம் சாய்ந்தது. இந்தப் பக்கம் ஏணி இல்லை. நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் சாப்பாட்டு மேஜையைத் தூக்கி வந்தோம். மேஜை மேல் நாற்காலி. சத்தம் கேட்டுச் செக்ரட்டரி வெளியே வந்தார்.

"என்ன இது? கேட் வழியாகப் போக வேண்டும். சுவர் வெளியேறும் வழி இல்லை" என்றார்.

மீனா மேஜை மேல் ஒரு காலை வைத்திருந்தாள். வலி வந்து போகும்வரை நின்றாள். பிறகு மலையாளத்தில் சொன்னாள்: "அங்கிள், பிடியுங்கள். இல்லையென்றால் நகருங்கள்."

அவர் பிடித்தார். பிடித்ததோடு, "அங்கே பிள்ளையார் இருக்கிறார், கால் படும், இந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள்" என்று மேஜையை நகர்த்தவும் சொன்னார். பிறகு நாற்காலி ஆடாமல் அதன் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இக்கட்ட காலை வெய்யுங்க தங்கச்சி. நான் புடிச்சுக்கறன்" என்று பழனிச்சாமி ஏணியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"கீழ பாக்காத மவளே, என்னையப் பாரு" என்றாள் ஜமீலா.

என் மகள் சுவரின் உச்சியில் ஒரு கணம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால். அப்போது அடுத்த வலி வந்தது. நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் என் உள்ளங்கையில் மடங்கின. அது போகும்வரை இரண்டு குடியிருப்பிலும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு அந்தப் பாதம் என் கையிலிருந்து வழுக்கிச் சுவருக்கு மேலே போய் மறைந்தது. இப்போதும் எந்தச் சுவரைக் கண்டாலும் முதலில் அதன் உயரத்தைத்தான் கண்ணால் அளக்கிறேன். கையும் தானாக மூடிக்கொள்கிறது.

நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை. தாண்டினேன் என்று ஜமீலா சொல்கிறாள். ஆட்டோ கேட்டை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தது, அவ்வளவுதான். என் பேத்தி பொழுது சாய்வதற்கு முன் பிறந்தாள். பிரபு வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது நர்ஸ் அவர் கையில் குழந்தையைக் கொடுத்தாள். அவர் முதலில் கேட்டது, "சாப்பாட்டு மேஜை ஏன் தெருவுல கெடக்கு?" என்பதுதான்.

மறுநாள் காலை நான் மேஜையை எடுக்கப் போனேன். மேஜை வீட்டுக்குள் வந்திருந்தது. அதன் இடத்தில், எங்கோ கட்டட வேலையில் மிஞ்சிய ஒரு மூங்கில் ஏணி நின்றது. அந்தப் பக்கத்து அலுமினிய ஏணியை யாரும் எடுக்கவில்லை. பால்காரர் அதில் ஏறி, மூங்கில் ஏணியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் புத்தகப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினாள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுப் பெண்ணும் ஜமீலாவும் சுவர் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து அசோசியேஷன், இந்தப் பக்கத்து ஏணியை எடுக்கச் சொன்னது. இந்தப் பக்கத்து அசோசியேஷன் அந்தப் பக்கத்து ஏணியை எடுக்கச் சொன்னது. தங்கள் ஏணியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. இது எனக்குத் துரைசாமி சொன்னது. காதுகுத்துக்குப் போய்விட்ட குற்ற உணர்ச்சியில் தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஏணியைப் பார்த்து, "இட்டேரி மறுபடி முளைச்சிருச்சுங்க, மேல்நோக்கி" என்றார்.

மீனாவை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின காலை, பூண்டுக்குழம்புச் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நான் ஏணியில் ஏறினேன். உச்சிக்கு வந்து தலையை நீட்டினால் எதிரே இன்னொரு தலை. செக்ரட்டரி. அவர் கையில் மெயின்ரோட்டு மீன்காரரிடம் வாங்கிய மத்தி, பையில்.

அவர் பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். சுவரைத் தாண்டி மீன் வாங்கப் போனதைப் பற்றி நான் கேட்கவில்லை.

"நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

"எங்கள் ஊரில் ஏறி வருகிறவருக்குத்தான் சார் வழி. இறங்குகிறவர் நிற்க வேண்டும்."

அவர் யோசித்தார். "நானும் ஏறித்தானே வந்திருக்கிறேன்?"

உண்மைதான். மலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறி வந்து எதிரெதிரே நிற்க வாய்ப்பே இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் சுவரை நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குக் கீழே பால்காரர் காலிக் கேனோடு காத்திருந்தார். அவருக்குக் கீழே யாரோ "வண்டி நகராதா?" என்று கேட்டார்கள்.

செக்ரட்டரி மீன் பையை என்னிடம் நீட்டினார். "இதை என் வீட்டில் கொடுத்துவிடுங்கள். அதைக் கொடுங்கள், நான் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுகிறேன்."

நான் தூக்குவாளியைக் கொடுத்தேன். அவரவர் வந்த வழியே பின்னால் இறங்கினோம்.

அவர் வீட்டு மணியை அடித்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து, என் கையில் இருந்த மீனைப் பார்த்து, "அவர் எங்கே?" என்றார். "ஆஸ்பத்திரியில்" என்றேன். அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மீதியைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லி முடிப்பதற்குள் என் போன் அடித்தது. மீனா.

"அம்மா, செக்ரட்டரி அங்கிள் பூண்டுக்குழம்போட வந்து நிக்கிறார். பாப்பாவ வேற கையில வாங்கிட்டுத் தர மாட்டேங்கிறார். நீ எங்க இருக்க?"

"மூணாவது வளவுல" என்றேன். "கையில மீனோட."